கடல் எண்ணெய்க் கசிவும் பிரதேசத் திட்டங்களும்: நிபுணரின் இடம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கடலுக்கு எல்லை வகுக்கும் உரிமை அரசுகளுக்கு உண்டு. அவ்வெல்லையை மதிக்கும் கடப்பாடு நீரோட்டத்துக்கு இல்லை. ஒரு நாட்டின் கடற்பரப்பில் உடைந்த கப்பலின் எண்ணெய் மற்றொரு நாட்டின் கரையில் ஒதுங்குவதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி பலமுறை கண்டது. இதன் விளைவாக, ஒரே கடலைச் சூழ்ந்த நாடுகள் ஒன்றுகூடி, விபத்து நிகழுமுன் அதனைத் தடுக்கவும், நிகழ்ந்தபின் அதனை எதிர்கொள்ளவும் பொதுத் திட்டங்களை வகுக்கும் மரபு தோன்றியது. இத்தகைய திட்டங்களை அரசாங்க உத்தியோகத்தர் தாமே எழுதிக்கொள்வது அரிது. பணி வரையறை வகுத்து, கேள்விப்பத்திரம் கோரி, கட்டணம் பேசி அமர்த்தப்படும் துறைவல்லுநரே பெரும்பாலும் அவற்றை எழுதுகின்றனர். அவ்வல்லுநர் தரும் அறிவு எத்தகையது, அது எப்பொழுது பயன்பட்டது, எப்பொழுது பயன்படாது போயிற்று என்பவற்றை வரலாற்றுச் சான்றுகள் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கது ‘ரொறி கன்யன்’ என்னும் கப்பலின் விபத்தாகும். லைபீரியாவிற் பதிவுசெய்யப்பட்ட அக்கப்பல் ஏறத்தாழ 119,000 தொன் குவைத்து மசகு எண்ணெயுடன் மில்போர்ட் ஹேவன் துறைமுகம் நோக்கிச் செல்லுகையில், 1967 மார்ச்சு 18 ஆந் திகதி இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையிலுள்ள பாறைத்தொடரில் மோதியது. அத்துணைப் பெரிய எண்ணெய்க் கசிவை அதற்கு முன்னர் எந்த அரசும் எதிர்கொண்டதில்லை. பிரித்தானிய அரசாங்கம் தன் தலைமை விஞ்ஞான ஆலோசகராகிய சொலி சக்கர்மன் முதலானோரை அவசரமாகக் கூட்டி ஆலோசனை நடாத்தியது. ஈற்றில், எஞ்சிய எண்ணெயை எரித்தழிக்கும் நோக்குடன் விமானங்கள் கப்பலின் மீது குண்டு வீசின. அதற்கு முன்னரே பெருந்தொகையான எண்ணெய் கோண்வால் கரையையும் ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பாலுள்ள பிரான்சின் பிரித்தனிக் கரையையும் நோக்கி நகரத் தொடங்கியிருந்தது.

இவ்விபத்திற் பெரும்பாடமாக அமைந்தது எண்ணெயன்று. அதனை அகற்றக் கையாண்ட மருந்தே. கடற்பரப்பிலும் கோண்வால் கரையிலுமாக ஏறத்தாழ 10,000 தொன் அழுக்ககற்றும் இரசாயனம் தெளிக்கப்பட்டது. அது கப்பல்களின் இயந்திர அறைகளைக் கழுவுவதற்கென ஆக்கப்பட்டது. உயிர் வாழும் கரையில் ஊற்றுவதற்கென ஆக்கப்பட்டதன்று. பிளிமத் நகரிலிருந்த கடலுயிரியல் ஆய்வுகூடத்தினர் தம் வழமையான ஆய்வுகளை நிறுத்திவைத்துக் கரையெங்கும் சென்று பார்த்தனர். இரசாயனம் ஊற்றிய பாறைகளில் ஒட்டிவாழும் சிப்பியினங்கள் கூண்டோடு மடிந்தன. அவை மேய்ந்து கட்டுப்படுத்தி வந்த பச்சைப் பாசி பின்னர் பாறைகளை மூடி வளர்ந்தது. இரசாயனம் ஊற்றாது விடப்பட்ட இடங்கள் சில ஆண்டுகளில் தேறின. மிகுதியாக ஊற்றிய இடங்கள் பழைய நிலையை எய்தப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் சென்றன. 1968 இல் வெளிவந்த அவ்வாய்வுகூடத்தின் அறிக்கை இத்துறையின் முதல் நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. எண்ணெயைக் காட்டிலும் சிகிச்சையே கடலுயிர்களுக்கு மிகுந்த கேடு செய்தது என்பது அதனாற் பெறப்பட்டது. விஞ்ஞானிகள் அந்நாட்டில் இருந்தனர். ஆயின் விபத்துக்கு முன்னர் அவர்களிடம் எவரும் இவ்வினாவைக் கேட்டிருக்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பிரதேச ஒத்துழைப்பு இதன் நேர்விளைவாகும். 1969 யூன் மாதத்தில் வட கடலைச் சூழ்ந்த எட்டு நாடுகள் பொன் நகரில் உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டன. வட கடல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வலயத்திலும் எண்ணெய்ப் படலத்தை அவதானித்து மதிப்பிட்டு ஏனையோருக்கு அறிவிக்கும் பொறுப்பு ஒவ்வொரு நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. கப்பல் உரிமையாளரின் நட்டஈட்டுப் பொறுப்பு, ஆழ்கடலிற் கரையோர நாடு தலையிடும் உரிமை என்பன பற்றிய சமவாயங்கள் அதே ஆண்டிற் பிரசல்சு நகரில் உருவாயின. எண்ணெய்க் கப்பல் உரிமையாளர் 1968 இல் இலண்டனில் அமைத்த சம்மேளனம், நட்டஈட்டு ஏற்பாடொன்றை நிருவகிக்கும் அலுவலகமாகத் தொடங்கிக் காலப்போக்கில் உலகின் எத்திசைக்கும் தொழில்நுட்ப ஆலோசகரை அனுப்பும் நிறுவனமாக வளர்ந்தது. இவ்வாறாகக் கடல் எண்ணெய் நிபுணர் என்னும் ஒரு புதிய தொழிலினர் தோன்றினர்.

இத்தொழிலறிவைப் பல நாடுகளுக்குப் பொதுவுடைமையாக்கும் முயற்சியில் மத்தியதரைக் கடல் முன்னின்றது. ஒன்றோடொன்று பகை கொண்ட நாடுகள் பல அக்கடலைச் சூழ்ந்திருந்தன. எனினும் ஐக்கிய நாடுகள் சூழல் நிகழ்ச்சித்திட்டத்தின் முன்முயற்சியால் 1976 பெப்ருவரியிற் பார்சலோனாச் சமவாயம் உருவாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் மோல்டாத் தீவிற் பிரதேச எண்ணெய் எதிர்ப்பு நிலையமொன்று நிறுவப்பட்டது. எண்ணெய் அகற்றுங் கப்பற் கூட்டமொன்றைத் தன்னுடைமையாகக் கொண்டு தானே களத்தில் இறங்குவது அந்நிலையத்தின் நோக்கமாக இருக்கவில்லை. கரையோர நாடுகள் தத்தம் திட்டங்களை வகுக்க உதவுதல், உத்தியோகத்தரைப் பயிற்றுதல், எந்நாட்டில் எவ்வுபகரணமும் எந்நிபுணரும் உளர் என்ற விபரத்தைத் திரட்டி வைத்தல், விபத்துக் காலத்தில் ஆலோசனை அனுப்புதல் ஆகியனவே அதன் பணிகளாயின. அமர்த்தப்படும் நிபுணர் திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லலாம்; நிலையமோ அங்கேயே இருக்கும். ஆண்டுதோறும் திட்டத்தைப் பரிசோதிப்பதற்கும் பயிற்சியைத் தொடர்வதற்கும் ஓரிடம் இருத்தல் வேண்டும் என்ற உண்மையை அது உணர்த்தியது.

பிரான்சு இப்பாடத்தைப் பெரும் இழப்பின் பின்னரே கற்றது. 1978 மார்ச்சு 16 ஆந் திகதி ‘அமோக்கோ காடிஸ்’ என்னுங் கப்பல் பிரித்தனிக் கரையிலுள்ள போர்சல் கிராமத்தின் அருகே தரைதட்டி, இரண்டு இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட எண்ணெயைக் கொட்டியது. மறு ஆண்டிற் பிரெஸ்ட் நகரில் விபத்து மாசு பற்றிய ஆய்வு, பயிற்சி, ஆலோசனை ஆகியவற்றுக்கென நிரந்தர நிலையமொன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு விபத்திலும் புதிதாக நிபுணரைத் தேடுவதை விடுத்து, விபத்துகளின் அனுபவத்தை ஓரிடத்திற் சேமித்து வைக்கும் வழி இதுவாகும்.

திட்டம் வகுக்கும் நிபுணர் உண்மையில் என்ன செய்கின்றார் என்பதை இவ்விடத்திற் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். முதலாவதாக, எவ்வழியில் எத்தனை கப்பல்கள் எவ்வகை எண்ணெயுடன் செல்கின்றன என்பதைக் கணக்கிட்டு, விபத்து நிகழக்கூடிய இடங்களை மதிப்பிடுகின்றார். இரண்டாவதாக, காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு எண்ணெய் எத்திசையில் எத்தனை நாளிற் கரை சேரும் என்று கணிக்கின்றார். மூன்றாவதாக, கரையின் எப்பகுதி எண்ணெயால் மிகுந்த கேடுறும் என்பதைக் காட்டும் வரைபடத்தை ஆக்குகின்றார். 1979 இல் மெக்சிக்கோக் கடலில் ‘இக்ஸ்ரொக்’ எண்ணெய்க் கிணறு வெடித்துப் படலம் ரெக்சாசுக் கரையை அணுகியபோது இவ்வகை வரைபடம் முதன்முதலாகப் பயன்பட்டது. அலை மோதும் வெறும் பாறை அதிற் கடைநிலையிலும், சதுப்பு நிலமும் கண்டற்காடும் முதனிலையிலும் வைக்கப்படும். நான்காவதாக, எண்ணெயைச் சிதறச் செய்யும் இரசாயனத்தை எங்கு தெளிக்கலாம், எங்கு தெளித்தலாகாது, மிதவை வேலியை எங்கு இடுவது, அள்ளிய எண்ணெய்க் கழிவை எங்கு சேர்ப்பது, ஆணையிடும் அதிகாரம் எவருக்குரியது என்பவற்றை விபத்துக்கு முன்னரே முடிவுசெய்ய உதவுகின்றார். ஈற்றாக, நட்டஈட்டு வழக்குக்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டும் முறையையும் வகுக்கின்றார். இவற்றுட் சில எந்நாட்டுக்கும் பொதுவான அறிவு. வெளியிலிருந்து அதனைப் பெறுவதில் இழுக்கில்லை. ஏனையவை அவ்வக் கரையிலே பிறக்கும் அறிவு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே பின்வந்த தோல்விகளுக்குக் காரணமாயிற்று.

1989 மார்ச்சு 24 ஆந் திகதி அலாஸ்காவின் பிரின்சு வில்லியம் குடாவில் ‘எக்சன் வால்டிஸ்’ பாறையில் மோதியபோது திட்டம் இல்லாமலில்லை. வால்டிஸ் எண்ணெய் முனையத்தை நடாத்திய கம்பனியின் அவசரகாலத் திட்டத்தை அரசு அங்கீகரித்திருந்தது. ஐந்து மணி நேரத்துள் உபகரணங்கள் களத்தைச் சேரும் என்பது அத்திட்டத்தின் வாக்குறுதி. ஆனால் அவற்றை ஏற்றிச் செல்லவேண்டிய தட்டைப்படகு பழுதுற்றுச் சேவையினின்றும் நீக்கப்பட்டிருந்தது. உபகரணங்களைத் தேடி எடுத்து ஏற்றிக் களத்தை அடைவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. ஏறத்தாழ 37,000 தொன் எண்ணெய் கொட்டுண்டது. கோர்டோவா முதலிய ஊர்களின் மீனவர் ஆணைக்குக் காத்திராமல் தம் படகுகளிற் சென்று, மீன்குஞ்சு வளர்ப்பு நிலையங்களின் வாயிலை மிதவைகளால் அடைத்துக் காத்தனர். திட்டத்தின் எழுத்திற் பெரிதும் இடம்பெறாத மக்களே முதல் நாட்களிற் பயன்தரத்தக்க பணி செய்தனர் எனலாம்.

இவ்வனுபவத்தினின்று எழுந்த ஓர் அமைப்பு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. 1989 இல் உருவாகி, 1990 ஆம் ஆண்டின் அமெரிக்க எண்ணெய் மாசுச் சட்டத்தால் உறுதிபெற்ற பிரதேசக் குடிமக்கள் ஆலோசனைச் சபையில் அக்குடாவின் ஊர்கள், மீனவர் சங்கங்கள், பழங்குடிக் கிராமங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அமர்ந்தனர். அதன் செலவை எண்ணெய்க் கம்பனியே கொடுத்தல் வேண்டும். ஆயினும் அதன் கருத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை கம்பனிக்கு இல்லை. அச்சபை தானே நிபுணரைத் தேர்ந்து அமர்த்திக் கம்பனியின் திட்டங்களைப் பரிசீலிக்கச் செய்கின்றது. நிபுணரை அமர்த்துபவர் எவரோ அவருடைய வினாக்களுக்கே நிபுணர் விடை தேடுவார் என்பது உலக இயல்பு. ஆதலின் இழப்பைச் சுமக்கப் போகும் மக்களுக்கும் நிபுணரை அமர்த்தும் ஆற்றல் இருத்தல் வேண்டும் என்ற கொள்கை இங்கே நடைமுறை வடிவம் பெற்றது. இதே காலத்தில், 1990 நவம்பரில், எண்ணெய் மாசை எதிர்கொள்வதற்கான ஆயத்தமும் ஒத்துழைப்பும் பற்றிய சர்வதேசச் சமவாயம் இலண்டனில் நிறைவேறியது. 1995 இல் அது நடைமுறைக்கு வந்தது. தேசியத் திட்டமொன்றை வைத்திருத்தல் உறுப்பு நாடுகளின் கடமையாயிற்று.

கடமை பெருகவே திட்டங்களும் பெருகின. ஆனால் பெருகியன யாவும் உயிருள்ள திட்டங்கள்தாமா என்ற ஐயத்தை 2010 ஆம் ஆண்டு எழுப்பியது. அவ்வாண்டு ஏப்பிரல் 20 ஆந் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ எண்ணெய் அகழ்வு மேடை வெடித்துப் பதினொருவர் மாண்டனர். 87 நாட்கள் எண்ணெய் கொட்டியது. அக்கிணற்றுக்கு உரிய பி.பி. கம்பனியிடம் 2009 இல் திருத்தப்பட்ட, 582 பக்கங்கள் கொண்ட பிரதேச எண்ணெய்க் கசிவுத் திட்டமொன்று இருந்தது. அரசாங்கமும் அதனை ஏற்றிருந்தது. அதனைப் புரட்டிப் பார்த்தோர் திகைப்புற்றனர். வளைகுடாவிற் காக்கப்படவேண்டிய விலங்குகளுள் பனிக்கடலில் மட்டுமே வாழும் கடற்பசு போன்ற வால்ரசு விலங்கும் குறிக்கப்பட்டிருந்தது. ஆலோசனை கேட்கவேண்டிய நிபுணர் பட்டியலில், 2005 இலேயே காலமாகிவிட்ட கடலாமை நிபுணர் ஒருவரின் பெயர் இருந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் அமெரிக்கக் காங்கிரசின் குழு விசாரணை நடாத்தியபோது, ஏனைய நான்கு பெருங் கம்பனிகளின் திட்டங்களும் ஏறக்குறைய அதே வாசகங்களைக் கொண்டிருந்தமை வெளிப்பட்டது. அவற்றுள் இரண்டில் அதே இறந்த நிபுணரின் பெயர் காணப்பட்டது. இதனை நகைப்புக்குரிய தவறாக மட்டும் கொள்வது போதாது. நிபுணத்துவம் என்பது ஓரிடத்து அறிவாக இல்லாமல், ஒருமுறை எழுதிப் பலமுறை விற்கப்படும் பத்திரமாக மாறியதன் அடையாளம் அது. அப்பத்திரத்தை எழுதியவரும் வாங்கியவரும் அங்கீகரித்தவரும் அதனை வாசிக்கவில்லை. வளைகுடாவின் இறால் மீனவர் ஒருவரிடம் காட்டியிருப்பின் முதல் நாளிலேயே பிழை புலப்பட்டிருக்கும்.

நிபுணரும் திட்டமும் நிலையமும் ஒருங்கே இருந்தும் பயன் விளையாத மற்றொரு நிலையையும் வரலாறு காட்டுகின்றது. பாரசீக வளைகுடா நாடுகள் எட்டு 1978 இற் குவைத்துச் சமவாயத்திற் கைச்சாத்திட்டன. 1982 இற் பாரெயினில் அவற்றின் உதவி நிலையம் அமைந்தது. மறு ஆண்டில் ஈரானின் நௌரூசு எண்ணெய்க் கிணறுகள் விபத்தாலும் போர்த் தாக்குதலாலும் உடைந்தன. ஈரானும் ஈராக்கும் சமவாயத்தின் உறுப்பு நாடுகளாயினும், கிணற்றை அடைப்பதற்கேனும் போரை நிறுத்த அவை உடன்படவில்லை. எண்ணெய் பல மாதங்கள் பெருகியது. 2006 யூலையில் லெபனானின் ஜியே மின்நிலையத் தாங்கிகள் குண்டு வீச்சுக்குள்ளானபோதும் இதுவே நிகழ்ந்தது. மோல்டா நிலையம் ஆலோசனை வழங்க ஆயத்தமாக இருந்தும், ஆகத்து நடுப்பகுதியிற் போர் ஓயும்வரை கரையைத் துப்புரவு செய்யும் பணி தொடங்க இயலவில்லை. அரசுகளின் இணக்கமின்றி அறிவு தனித்து இயங்காது என்பதற்கு இவை சான்றாகும்.

இவ்வனுபவங்கள் அனைத்தும் தென்னாசியக் கடலுக்கும் பொருந்துவன. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே செல்லும் கப்பற் பாதை உலகின் முக்கிய பாதைகளுள் ஒன்றாகும். வளைகுடாவின் எண்ணெய் கிழக்காசியாவுக்குச் செல்லும் வழியும் அதுவே. இலங்கை 1981 இல் 59 ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 2008 இல் 35 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 1982 இற் கொழும்பைத் தலைமையகமாகக் கொண்டு தென்னாசியக் கூட்டுறவுச் சூழல் நிகழ்ச்சித்திட்டம் அமைந்தது. பங்களாதேசம், இந்தியா, மாலைதீவு, பாக்கிசுத்தான், இலங்கை ஆகிய ஐந்து கடலோர நாடுகளுக்கான செயற்றிட்டம் 1995 இல் ஏற்கப்பட்டது. எண்ணெய், இரசாயன மாசுக்கான பிரதேச அவசரகாலத் திட்டம் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் துணையுடன் வரையப்பட்டது. ஆயினும் அதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கைக்கு இந்திய மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2018 இலேயாகும். வரைவதற்கும் உடன்படுவதற்கும் இடையிலுள்ள தூரம் இதனால் விளங்கும்.

அண்மைக்கால நிகழ்வுகள் இத்தூரத்தின் விலையை உணர்த்தின. 2017 சனவரி 28 ஆந் திகதி எண்ணூர்த் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, இந்தியாவில் 1996 முதலே தேசியத் திட்டம் இருந்தும், மீனவரும் மாணவரும் வாளிகளால் எண்ணெய்ச் சேற்றை அள்ள நேர்ந்தது. 2020 செப்தெம்பர் 3 ஆந் திகதி ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்ற ‘நியூ டயமன்ட்’ இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பற்றியது. இலங்கை, இந்தியப் படையினரும் கப்பல் உரிமையாளர் அமர்த்திய மீட்பு நிபுணரும் இணைந்து செயற்பட்டமையால் எண்ணெய்த் தாங்கிகள் தப்பின. பிரதேச ஒத்துழைப்பு பயனளித்த நிகழ்வு அது. 2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பால் ‘எக்சு-பிரெசு பேர்ள்’ எரிந்து, யூன் 2 ஆந் திகதி மூழ்கத் தொடங்கியபோது, திட்டங்கள் பெரிதும் எண்ணெயையே எண்ணி வகுக்கப்பட்டிருக்க, கரையை மூடியதோ ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகள். ஐக்கிய நாடுகளின் நிபுணரும் ஏனைய வெளிநாட்டு ஆலோசகரும் வந்தனர். எனினும் இழப்பை மதிப்பிடும் நீண்ட பணியைச் செய்தது உள்நாட்டுப் பேராசிரியர்கள் தலைமையிலான குழுவேயாகும். 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. கடல் முன்னர் எந்நிலையில் இருந்தது என்று கூறவல்லவர் இந்நாட்டில் இருந்தாலன்றி, அது எவ்வளவு கெட்டது என்று வழக்காட முடியாது என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

இலங்கைக் கடலின் இயல்பே இதனை வற்புறுத்துகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தெற்கே நீரோட்டம் கிழக்கு நோக்கியும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கியும் செல்லும். ஒரே இடத்திற் கொட்டிய எண்ணெய் சோளகத்தில் ஒரு கரையையும் வாடையில் மற்றொரு கரையையும் நாடும். பாக்கு நீரிணையினதும் மன்னார்க் குடாவினதும் ஆழமற்ற நீரிலே கடற்புற்படுக்கைகளும் கண்டற்காடுகளும் உள்ளன. எத்திங்களில் எவ்விடத்தில் எம்மீன் படும், எக்களப்பின் வாய் எக்காலத்தில் அடைபடும் என்பவை அங்குள்ள கடற்றொழிலாளருக்கு அன்றாட அறிவு. அவ்வறிவு வரைபடத்தில் ஏறாதவிடத்து, எத்துணைச் சிறந்த ஆலோசகர் வரைந்த திட்டமும் வேறொரு கடலுக்குரியதாகவே அமையும். இரு கரையிலும் தமிழ் பேசும் மீனவர் வாழும் இந்நீரிணையில், எச்சரிக்கை அவர்கள் மொழியிற் கிடைப்பதும் திட்டத்தின் ஓர் உறுப்பாதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நிபுணரை அமர்த்தும் நாடு மூன்று வினாக்களைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளல் வேண்டும் என்பது புலனாகும். அமர்த்துபவர் எவர், எவருடைய இழப்பைக் கருதி அமர்த்துகின்றார் என்பது முதலாவது. எக்சன் வால்டிசுக்குப் பின் அலாஸ்கா மக்கள் இதற்கு விடை கண்டனர். நிபுணர் எழுதுவது இக்கடலைப் பற்றியதா, எக்கடலுக்கும் பொருந்தும் பத்திரமா என்பது இரண்டாவது. அதைக் கேளாமையின் விளைவை மெக்சிக்கோ வளைகுடா கண்டது. நிபுணர் விடைபெற்றுச் சென்றபின் அத்திட்டத்தை அறிந்து, பயின்று, திருத்தி வைத்திருப்பவர் எவர் என்பது மூன்றாவது. மோல்டாவும் பிரெஸ்டும் அதற்கான வழியைக் காட்டின. வெளியிலிருந்து அறிவைப் பெறுவது எந்நாட்டுக்கும் குறைவன்று. பெற்ற அறிவைக் காத்துப் பயன்படுத்தும் பொறுப்பை மட்டும் எவரையும் அமர்த்தி நிறைவேற்றிக்கொள்ள இயலாது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நிபுணர் நாடு திரும்புவார். எண்ணெய் வந்து ஒதுங்கும் கரையில் வாழ்வோர் கடற்றொழிலாளரே.